லின்ஃபீல்ட் வீட்டு நீதிமன்றம்

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பிக்கு இடது காது இனிக் கேட்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பொலிஸ்காரி நம் லின்ஃபீல்ட் வீட்டுச் சுவரில் இருக்கும் பூட்டனாரின் படத்தைப் பற்றிக் கேட்டாள். மன்னாரில் நீதவானாக இருந்தார், பிறகு மாவட்டத்தையே நிர்வகித்தார், வெள்ளைக்காரர் பதக்கம் கொடுத்தார்கள் என்று அப்பா சொல்லித்தந்தபடியே சொன்னேன். அவர் கசையடி விதித்தவர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

படத்தின் கீழே அப்பா கதிரை போட்டு உட்காருவதையும், தம்பியை எதிரே நிறுத்திக் குற்றம் வாசிப்பதையும், பெல்ட்டை நனைப்பதையும் சொன்னேன். பூட்டனாரின் காலத்தில் அடிக்கு முன் டொக்டர் நாடி பார்ப்பாராம். நம் வீட்டில் அந்த வேலை நர்ஸான உங்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை குற்றம், மனுகாவ் கடைத்தெருவில் ஒரு பெண்ணோடு நின்றது. "குணவதி, பாரும், தாங்குவானோ?" என்று அப்பா கேட்டார். நீங்கள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "ஓம், தாங்குவான்" என்றீர்கள். முதுகு கிழிந்து, பெல்ட்டின் இரும்பு காதில் இறங்கி, இரத்தம் உங்கள் சேலையில் தெறித்தபோதும் அந்தக் கையை நீங்கள் விடவில்லை.

மறுத்திருந்தால் அடுத்தது நீங்கள்தான். உங்கள் தோளில் இருக்கும் தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் உங்களைக் கேட்பார்கள். படியில் விழுந்தான் என்று சொன்னால் அவனை மறுபடி அந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"அம்மா என்ன சொன்னவ, அக்கா?" என்று நேற்றுக் கேட்டான்.

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

உங்கள் மகள்