பிரேமின் மேல் போட்ட பழி

உன் பெட்டியை இன்று திறந்தேன். வினாகிரி வாசம் மூக்கில் அடித்தது. பழைய அசிடேட் கண்ணாடிப் பிரேம்கள் காற்றுப் படாமல் கிடந்தால் இப்படித்தான் புளித்து மணக்கும், மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து வை என்று உனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான். உன் தங்கை பெட்டியை என்னிடம் தந்து எட்டு மாதமாகிறது. ஒரு தடவைகூட நான் திறக்கவில்லை. நாற்பத்தொரு பிரேம்களில் இரண்டு வெடித்துவிட்டன. அதில் ஒன்று, ஆமை ஓட்டு நிறம் என்று நீ கொஞ்சிக்கொண்டு திரிந்தது.

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு நீ முதலில் வந்ததும் ஒரு பிரேமோடுதான். கொட்டாஞ்சேனையில் உன் ஒழுங்கையில் பாதிப்பேருக்கு இத்தாலியில் ஆட்கள். லீவில் வருகிறவர்களிடம் மற்றவர்கள் சொக்லேட்டும் சென்ட்டும் எதிர்பார்ப்பார்கள். நீ மட்டும், யாராவது போட்டுக் கழித்த டிசைனர் பிரேம் இருக்கிறதா என்று கேட்பாய். அன்று கொண்டுவந்தது சுண்டுவிரல் தடிப்பில் ஒரு கறுப்புப் பிரேம். "இதுக்குள்ள இருக்கிறது ஆரோ இத்தாலிக் கிழவியின்ட கண். கழட்டிப்போட்டு என்ட கண்ணைப் போட்டுத் தாங்கோ" என்றாய். பின்னறையில் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்த நான் யாரடா இது என்று எட்டிப் பார்த்தேன். அடுத்த மாதமே நீங்கள், வாங்கோ எல்லாம் போய் வாடி போடி வந்துவிட்டது.

ஆறு வருடம், பிரேம் ஒன்று கிடைத்தால் சனிக்கிழமைப் பின்னேரம் நீ வந்துவிடுவாய். போட்டிருக்கும் கண்ணாடியைக் கழற்றித் தருவாய். அதை மெஷினில் வைத்துப் பவரைப் பார்த்து, அதே பவரில் புது லென்ஸ் வெட்டி, நீ கொண்டுவந்த பிரேமைச் சூடாக்கி, முன்பக்கத்தால் லென்ஸை அழுத்துவேன். டக்கென்று உட்காரும். அதுவரை நீ ஒன்றும் தெளிவாகத் தெரியாமல் ஸ்டூலில் இருந்தபடி உன் ஒஃபிஸ் ஆட்களை ஒவ்வொருவராக நக்கலடிப்பாய். கண் டெஸ்ட் பண்ணிக்கொண்டு வாவேன் என்று ஒரேயொரு தடவை சொன்னேன். "பவர் மாறேல்லத்தானே. எழுத்தெல்லாம் வடிவாத் தெரியுது. பிறகென்னத்துக்கு டொக்டர்?" என்றாய். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இப்போதுதான் உறைக்கிறது. ஒரு கண்ணாடியை அளந்து இன்னொரு கண்ணாடி செய்தேன், அதை அளந்து அடுத்தது. இவ்வளவு காலமும் உன் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

போன வருடம்தான் நீ அதைச் சொல்லத் தொடங்கினாய்.

"கதவு நிலையில தோள் இடிபட்டுக்கொண்டே இருக்கு. பக்கத்தால ஆர் வந்தாலும் எனக்குத் தெரியுதில்லையடி."

"இவ்வளவு தடிச்ச பிரேம் கையை ரெண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு திரிஞ்சா எப்பிடித் தெரியும்? கண்பட்டை கட்டின வண்டில் குதிரை மாதிரித்தானே இருக்கிறாய்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் பொய் சொல்லவில்லை. தடித்த பிரேமின் கை பக்கத்தை மறைக்கும். கடையில் தினமும் யாராவது அதைச் சொல்லுவார்கள். அதனால்தான் உன்னுடையதையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன். மெல்லிய கம்பிப் பிரேம் ஒன்றில் லென்ஸ் போட்டு, இரண்டு கிழமை இதைப் போட்டுப் பார் என்று தந்தேன். மூன்றாம் நாள் போனில் கோல் எடுத்தாய்.

"இதிலயும் அப்பிடித்தான் இருக்கு."

"கண் பழகோணும். அவசரப்படாத" என்றேன்.

அந்தச் சொற்களை நான் எத்தனை தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். பத்து நாளில் கம்பியைத் திருப்பித் தந்துவிட்டுத் தடித்ததற்கே போய்விட்டாய். எப்படியும் இடிபடத்தான் போகிறேன், வடிவாக இருந்தாவது இடிபடுகிறேன் என்றாய்.

காலி வீதியைக் கடக்க மஞ்சள் கடவையில் நடுவரைக்கும் வந்த நீ, இடப்பக்கத்தால் வந்த பஸ்ஸைப் பார்க்கவில்லை. பகல், நல்ல வெயில். பஸ் பறந்து வந்தது என்றார்கள். நான் ஒரு மாதம் அந்த டிரைவரைச் சபித்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு லேசாக இருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் உன் தங்கை கடைக்கு வந்தாள். தலையிடி என்று கண் டொக்டரிடம் போயிருக்கிறாள்.

"அக்கா, எனக்குக் கண்ணில பிரெஷர் கூடவாம். ஓரத்தால கொஞ்சம் கொஞ்சமாப் பார்வை போகுமாம், எழுத்து வாசிக்கிறதில கடைசிமட்டும் ஒரு குறையும் தெரியாதாம். நான் வேளைக்கு வந்தபடியா துளிமருந்து விட்டா நிப்பாட்டலாமாம். வீட்டில வேற ஆருக்கும் இருக்கோ எண்டு கேட்டவர்." போகத் திரும்பியவள் கதவடியில் நின்று கேட்டாள். "அவ எந்த நாளும் கதவில இடிபடுறவ எல்லோ?"

ஓம் என்றேன். உனக்கும் அதுதான் இருந்ததா என்று இனி யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கம்பிப் பிரேமைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் இப்போதும் இந்தப் பக்கம் வந்தால் பலகாரம் கொண்டுவந்து தருகிறாள். அதை வாங்கித் தின்கிறேன்.

போன கிழமை கிருலப்பனையிலிருந்து ஒருவர் வந்தார். தடித்த பிரேம். பக்கத்தில் வருவது தெரியவில்லை என்று அவர் கவுண்டரில் சொன்னது பின்னறையில் எனக்குக் கேட்டது. கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். கண் டொக்டரிடம் காட்டாமல் உங்களுக்கு இங்கே ஒன்றும் செய்ய மாட்டோம் என்று சண்டை பிடிக்காத குறையாக அனுப்பினேன். முதலாளி முறைத்தார். மூன்று நாளில் மனிதர் திரும்பி வந்தார். "வீணா அலைக்கழிச்சுப் போட்டீங்கள் தங்கச்சி. கண்ணில ஒரு குறையும் இல்லையாம். பிரேமைத்தான் மாத்தச் சொன்னவர்."

மெல்லிய பிரேமில் அவருக்கு லென்ஸ் மாற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆ, இப்ப எல்லாம் தெரியுது" என்று சிரித்தார். நான் உனக்குச் சொன்னது அத்தனையும் அந்த மனிதருக்குச் சரியாக இருந்தது. பின்னறைக்குப் போய், அழுவது கேட்கக் கூடாதென்று வெட்டும் மெஷினைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டு இருந்தேன். அவருக்கு அந்த நோய் இருந்து, இந்தத் தடவையாவது நான் சொன்னது சரியாகியிருக்கக் கூடாதா என்று நினைத்தேனடி. ஒரு பாவமும் செய்யாத மனிதர். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது.