மதியத்தில் நழுவும் சிக்னல்

மே 12, செவ்வாய்

அம்மா வேலை செய்யும் பட்டாசுக் கம்பெனியின் வானிலைக் கருவி அனுப்பும் சிக்னல், மதியமானால் லேப்டாப்பில் செருகும் என் ரேடியோ டாங்கிளில் கிடைக்காது. எங்கள் வீட்டுத் தகரக் கூரைச் சூட்டில் டாங்கிளின் அலைவரிசைதான் நழுவுகிறது என்று இன்று கண்டுபிடித்தேன். அதைப் பாலித்தீன் பையில் சுற்றி குளிர்ந்த மண்பானைமேல் வைத்து, லேப்டாப்பில் அலைவரிசையைத் திருத்தினேன். சிக்னல் வந்துவிட்டது. வெப்பம் நாற்பத்திரண்டு டிகிரி. நாற்பதைத் தாண்டினால் வெடிமருந்து அடைக்கக் கூடாது என்று கம்பெனி வாசலில் அவர்களே எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

உடனே கம்பெனி போர்மேனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, நாப்பத்திரண்டு காட்டுது. வேலைய நிறுத்துங்க."

"அது இங்கன ஆபீஸ் போர்டுலயும்தான் ஓடுது, பாப்பா. சீசன் ஆர்டரை நீயா வந்து முடிப்பே?" என்று சிரித்தார்.

அவர்களுக்குத் தெரியாதென்று நினைத்து, இத்தனை நாள் டாங்கிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரவு அம்மாவிடம், நாளைக்குப் போகாதே என்றேன். "பேசாம படுட்டி" என்றாள். நாளை மதியமும் அந்த எண்ணை என் ரேடியோ சரியாகவே பிடிக்கும்.