சிக்க வெங்கடப்பா யார் என்று கேட்கிறார்கள், அப்பா

என் அன்புக்கும், இப்போதைக்குக் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

இன்றைக்கும் ஓசூர் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இன்னொரு நாள் லீவு கேட்டால் கம்பெனி சூப்பர்வைசர் என்னை அந்த ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்ந்துகொள்ளச் சொல்லிவிடுவார். யார்மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கிறது. அம்மாமேல் விழ முடியாது, பாவம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ திருப்பிப் பேச மாட்டாய் என்ற தைரியம்.

நீ போன பிறகு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் அண்ணன், நம் தொட்டப்பா இருக்கிறாரே, அவருடைய நிலத்தை அவர் மகன் மஞ்சு வீட்டுமனை லேஅவுட் போடுகிற ஆளிடம் பேசி முடித்துவிட்டான். அது அவர்கள் நிலம், என்னவோ செய்துகொள்ளட்டும். ஆனால் அவன் காட்டிய வரைபடத்தில் பக்கத்திலிருக்கிற நம் ஒன்றேகால் ஏக்கரும் சேர்ந்திருக்கிறது. வடக்கு ஓரத்தில், புங்கமரத்தடியில், முப்பது அடி ரோடு என்று கோடு போட்டிருக்கிறார்கள். உன்னைப் புதைத்த இடம் அப்பா அது.

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "ரோடா? அவரு மேலயா?" என்று மட்டும் கேட்டாள்.

மஞ்சுவிடம் சண்டைக்குப் போனேன். அவன் நிதானமாக, "பட்டாவுல வெங்கடப்பன்னு எங்கப்பா பேருதான் இருக்குது. உங்களதுன்னா பத்திரத்தக் காட்டு" என்றான். பட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றின புண்ணியவான் இரண்டு நிலத்தையும் ஒரே வெங்கடப்பன் பெயரில் ஏற்றிவிட்டிருக்கிறான். அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. வெங்கட்ரமண சாமிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைகள் என்று இரண்டு மகன்களுக்கும் ஒரே பெயரை வைத்த வீடுதானே நம்முடையது! மூத்தவர் தொட்ட வெங்கடப்பா, நீ சிக்க வெங்கடப்பா. கன்னடத்தில் பெரியவன், சின்னவன். ஊருக்கு அது போதுமாக இருந்தது. கம்ப்யூட்டருக்குப் போதவில்லை.

சரி, பத்திரத்தைக் காட்டிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன். எப்போது கேட்டாலும் "பத்திரம் பத்திரமா கெடக்குது, நீ உன் வேலையப் பாரு" என்பாயே, அது எங்கே கிடந்தது தெரியுமா? இரும்புப் பெட்டிக்குள்கூட இல்லை. பெட்டிக்கு அடியில், ஈரத்தரையில், ஒரு கோணிக்குள். கரையான் முதல் பக்கத்தையும் நம்பர் எழுதின மூலையையும் தின்றுவிட்டு முத்திரையை மட்டும் மரியாதையாக விட்டு வைத்திருந்தது. ஏன் அப்பா, அந்தப் பெட்டிக்குள் என் பழைய ஸ்கூல் நோட்டையெல்லாம் அடுக்கி வைத்தாயே, அதற்குப் பதிலாக இதை வைத்திருக்கக் கூடாதா?

நகல் வாங்கலாம் என்றார்கள். நம்பர் தெரியாது, வருஷம் தெரியாது, நான் பிறப்பதற்கு முன்னால் வாங்கிய நிலம் என்பது மட்டும்தான் தெரியும். அப்படியானால் பெயரை வைத்துப் பழைய புத்தகங்களில் தேட வேண்டுமாம். வெங்கடேசன் என்று தேடினார்கள், இல்லை. வெங்கடப்பன், இல்லை. வெங்கடப்பா, வெங்கிடப்பா, அதுவும் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு மனு, ஒரு வாரம், ஒரு நாள் லீவு.

கடைசியில் வழி சொன்னது ஆபீஸ் ஆள் யாரும் இல்லை. எதிரில் பத்திரம் எழுதுகிற கடையில் டைப் அடிக்கிற பெண். நான் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, "அக்கா, உங்கப்பாவ ஊருல எப்படிக் கூப்புடுவாங்க?" என்று கேட்டாள்.

"சிக்க வெங்கடப்பான்னு."

"அப்ப 'வெ'யில எதுக்குத் தேடறீங்க? 'சி'யில தேடச் சொல்லுங்க. இந்தப் பக்கத்துல பழைய எழுத்தருங்க வாயில வர்ற பேரயே எழுதிப்புடுவாங்க."

'சி'யில் இருந்தாய். நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். உன் கைநாட்டு இருந்தது, நான்கு எல்லை இருந்தது, புங்கமரம்கூட இருந்தது. அந்த நகலை வைத்து அம்மாவும் நானும் சேர்ந்து நிலத்தை என் பெயருக்கு எழுதிப் பதிந்துவிட்டால் பட்டாவைப் பிரித்துவிடலாம். முடிந்தது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் காகிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்தார். "பத்திரத்துல சிக்க வெங்கடப்பா. பட்டாவுல வெங்கடப்பன். இறப்புச் சான்றுல வெங்கடேசன். மூணு பேரும்மா இது. இதுல உங்கப்பா யாரு?"

"மூணும் எங்கப்பாதான் சார்."

"நீங்க சொன்னா ஆச்சா?"

அப்பா, உன்னை யார் வெங்கடேசன் ஆகச் சொன்னது?

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்த அன்று, தெற்கே எங்கோ இருந்து வந்த அந்த ஆபீசர், "வெங்கடப்பாவா? வெங்கடேசன்னு போடுறேன், அதான் நல்லாருக்கும்" என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். நீ அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாய். "இனிமே நான் சிக்கவன் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னாய். நரை விழுந்த வயதிலும் ஊர் உன்னைச் சின்னவன் என்று கூப்பிட்டது உனக்கு எவ்வளவு உறுத்தியிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெயரையே ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் போடச் சொன்னாய். படிவத்தை நிரப்பியது யார்? பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான்தான். அழகான கையெழுத்து வேறு. ஆகையால் இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

மூன்று பேரும் ஒருவரே என்று தாலுகா ஆபீஸில் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நம் ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற வி.ஏ.ஓ. நல்ல மனுஷர், ஆனால் வெளி மாவட்டம். "சிக்கன்னா என்னம்மா, ஏதாவது சிக்கல்ல இருந்தாரா?" என்றார். விளக்கிச் சொன்னேன். எழுதிக் கொண்டார். பத்து நாள் கழித்து வந்த காகிதத்தில் நீ சிக்கன் வெங்கடப்பா ஆகியிருந்தாய். கம்பெனி கேன்டீனில் காட்டினேன், மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செத்தவனின் பெயரைச் சரியாக எழுத இவர்களுக்கு இன்னும் எத்தனை மனு வேண்டும்?

அதைத் திருத்தப் போனபோது, இரத்த உறவில் மூத்தவர் ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். உனக்கு மூத்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம். அம்மா போகாதே என்றாள். போனேன். மஞ்சு வாசலிலேயே மறித்து, "வயசானவர எதுக்கு அலைய விடற?" என்றான். தொட்டப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். விசாரணை என்றைக்கு என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

விசாரணை நாளில் நான் போவதற்கு முன்னாலேயே தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தனியாக டவுன் பஸ் ஏறி வந்திருக்கிறார். அதிகாரி அவருடைய ஆதாரைப் பார்த்துவிட்டு, "நீங்களும் வெங்கடப்பன். அப்ப இந்தச் சிக்க வெங்கடப்பாவும் நீங்கதான்னு ஒருத்தர் சொன்னா?" என்று கேட்டார்.

தொட்டப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய ஊரே தொட்டவன்னு கூப்புடுதுங்க சார். சிக்கவன்னு ஒருத்தன் இல்லாம எவனாச்சும் என்னயத் தொட்டவன்னு கூப்புடுவானா? அவன் என் தம்பிங்க. அந்த நெலம் அவன் வாங்குனது. நான்தான் கூட நின்னு சாட்சி போட்டேன்."

பெருவிரலை மையில் ஒற்றி அழுத்தினார். வெளியே வந்ததும் என்னிடம், "மஞ்சு இனி என்னய உள்ள விட மாட்டான். உங்கம்மா எனக்கு ஒரு வாய் சோறு போடுவாளா, கேட்டுச் சொல்லு" என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறார். அம்மா அவருக்குக் களி கிண்டிப் போடுகிறாள்.

திருத்திய சான்று நேற்று கிடைத்தது. அதோடுதான் இன்றைக்கு ஓசூருக்கு ஓடினேன். காகிதத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குதும்மா, ஆனா சர்வர் இல்ல, புதன்கிழமை வாங்க" என்றார்கள். இவ்வளவுக்கும் பிறகு சர்வர் இல்லையாம்! திரும்பி வருகிற வழியில் நிலத்துக்குப் போனேன். தொட்டப்பா பக்கத்து வரப்பை ஜேசிபி தள்ளிவிட்டிருக்கிறது. புங்கமரத்துக்குப் பத்தடி தள்ளி வெள்ளை பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை.

புதன்கிழமை போகிறேன். சர்வர் இல்லையென்றால் வியாழக்கிழமை போவேன். வேலை போனாலும் போகட்டும், பதிந்து கையில் வாங்கும் வரை போய்க்கொண்டே இருப்பேன். உன்மேல் எந்த வண்டியையும் ஏற விட மாட்டேன் அப்பா, இது சத்தியம். ஒன்றுக்கு மட்டும் என்னை மன்னித்துவிடு. அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று தெரிந்தும், நீ படுத்திருக்கிற இடத்தை உனக்கே வாங்கித் தர, உன்னை நான் மறுபடியும் சின்னவனாக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சிக்க வெங்கடப்பாவின் மகள்,
பாக்யா