முடிவைச் சொல்லக் கூடாது

மதிப்புக்குரிய குழுத் தலைவருக்கு,

பக்கத்து அறையில் இருக்கிற புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, நேரில் சொன்னால் நான் சொல்லி முடிப்பதற்குள் மறந்துவிடுகிறீர்கள்.

உங்கள் செல்போனை ஒளித்து வைத்தது நான்தான். பிடித்த புத்தகங்களைப் பகிர்ந்துகொள்ள நீங்களே தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், ஒரே நாவலைத் தினமும் புதிதாகப் பரிந்துரைத்தீர்கள். "அண்ணே, பதிப்பகத்துல கமிஷன் ஏதும் தர்றாங்களா?" என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது, புத்தக ஓரங்களில் நீங்கள் பென்சிலால் கிறுக்கியதைப் பார்த்து, உங்கள் பெயரில் நானே எழுதுகிறேன். "அண்ணன் பழையபடி ஃபார்முக்கு வந்துட்டாரு" என்கிறார்கள்.

இன்று காலை அந்த நாவலை என்னிடமே நீட்டினீர்கள்.

"மேடம், இதைப் படிச்சிருக்கீங்களா?"

வாய் திறந்தால் வாடி, போடி என்றவர் நீங்கள். கல்யாணமான புதிதில் எனக்கு வாங்கித் தந்த புத்தகம் அது.

"படிச்சிருக்கேன்" என்றேன்.

"கடைசியில என்ன ஆகும்?"

"முடிவைச் சொல்லக் கூடாதுங்க. குழுவோட விதி."

"நல்ல விதிதான்" என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தீர்கள்.

நீங்கள் போட்ட விதி. அதை மதித்து நானும் குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. உங்கள் மறதியைக் காட்டப் போன டாக்டருக்குத்தான் அந்த விதி தெரியவில்லை. முதல் நாளே என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, முடிவைச் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் மேடம்