அந்துவானின் தாய்க்கு

மதாம்,

இன்று காலை பட்டறையில் பிரம்பு ஊறும் தொட்டியைத் திறந்ததும் அந்தப் புளிப்பு வாசனை எழுந்தது. முதல்முறை அதை முகர்ந்தபோது நீங்கள் மூக்கைப் பொத்தவில்லை. "எங்க ஊர் ஆத்தங்கரை மாதிரி இருக்கு" என்றீர்கள். நீங்கள் போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் முத்தியால்பேட்டைக்கு வந்தீர்கள். உங்கள் கணவர் எங்கள் தெருக்காரர். செனகலில் பிரெஞ்சு சர்க்காரின் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, பென்ஷனோடு, அந்த ஊரிலேயே மணந்த உங்களையும் மகன் அந்துவானையும் கூட்டி வந்தார். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் இறந்தும் போனார். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அந்துவான் தூங்கவில்லை. சுவரோடு பேசினான். ஒருநாள் சட்டையில்லாமல் கடைத்தெருவில் நின்று அழுதான். வளர்ந்த பிள்ளை. தெரு அவனை முன்பே கறுப்பன் என்றது. அன்றிலிருந்து பைத்தியக்காரக் கறுப்பன் என்றது.

ஒரு ஞாயிறு நீங்கள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தபோது உங்கள் கொழுந்தனார் அவனைக் கிணற்றடித் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். எதிரேயிருந்த என் பட்டறைக்கே அவன் கதறல் கேட்டது. திரும்பி வந்து பார்த்த நீங்கள் நேரே என் வாசலுக்கு ஓடி வந்தீர்கள்.

"பாய், ரம்பம் எடுத்துட்டு வா. இரும்பு அறுக்கணும்."

நான் அறுக்க அறுக்கக் கொழுந்தனார் கத்தினார்: "நாளைக்கு எவனையாவது அடிச்சிட்டான்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். நான் அம்மா" என்றீர்கள், அவன் புண்பட்ட கணுக்காலைக் கையில் ஏந்தியபடி.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து கொடுத்தார், கைக்கு வேலை கொடுக்கவும் சொன்னார். மறுநாளே அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, "கத்துக்குடு பாய்" என்றீர்கள். எனக்குப் பயம்தான். ஆனாலும் அவன் உட்கார ஒரு மணைப்பலகையைத் தள்ளிப் போட்டேன். அவன் பின்னிய முதல் நாற்காலி ஆள் உட்கார்ந்ததும் பொத்துக்கொண்டது. காதுக்குள் குரல் கேட்கும்போது பிரம்பை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே காத்திருப்பான். அடங்கியதும் பின்னலில் விட்ட கண்ணிலிருந்து தொடருவான். கோடை வருவதற்குள் அவன் நாற்காலி எது, என் நாற்காலி எது என்று எனக்கே தெரியாமல் போனது.

நீங்கள் அதோடு நிற்கவில்லை. நெசவுக்காரர் வீட்டில் தனம் என்ற பெண்ணை அறையில் பூட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்த வாசலில் போய் உட்கார்ந்தீர்கள். விரட்டினார்கள். மறுநாளும் போனீர்கள்.

"பேய் இல்லே, நோவு. காலு ஒடஞ்சா கட்டு போடுவே. பூட்டா போடுவே?"

தகப்பன் கடைசியில் பூட்டைத் திறந்தான். தனம் பட்டறைக்கு வந்தாள், அவளைப் பார்த்து அதே நோவுள்ள இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வாடிக்கைக்காரர்கள் சிலர் நாற்காலிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். "போவட்டும்" என்றீர்கள். கணவரிடம் கற்ற தமிழில் அந்தச் சொல்தான் உங்களுக்கு அடிக்கடி வரும்.

பிறகு அந்த ஆடி மாதம். திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையைக் காணோம். செப்பனிட்ட நாற்காலியைக் கொடுத்துவிட்டு அந்துவான் திரும்பி வந்துகொண்டிருந்தான். "புள்ள புடிக்கிறவன்!" என்று எவனோ கத்தினான். நான் போய்ச் சேர்வதற்குள் அவனை அடித்துப் போட்டுவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் குழந்தை அத்தை வீட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்துவான் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போனான்.

போலீஸ் கேட்டபோது தனத்தின் அப்பாவும் நானும் அங்கே கண்ணால் பார்த்த ஆட்களின் பெயரைச் சொன்னோம். மற்ற எல்லாரும் அன்று வீட்டுக்குள்ளே இருந்தார்களாம். வழக்கு அப்படியே அமுங்கிப் போயிற்று. அடித்தவர்களில் ஒருவன் இன்றும் எனக்கு சலாம் வைக்கிறான்.

நீங்கள் கப்பலேறிவிடுவீர்கள் என்று நினைத்தேன். கொழுந்தனாரும் அதைத்தான் சொன்னார். "எம்புள்ள இந்த மண்ணுல கெடக்கான்" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்கு வந்து அவன் இடத்தில் உட்கார்ந்தீர்கள். தனம் உங்கள் விரலைப் பிடித்துப் பின்னச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாளும் எங்கள் முன் நீங்கள் அழவில்லை. ஆனால் மெலிந்துகொண்டே போனீர்கள்.

கடைசி வாரத்தில் தமிழும் பிரெஞ்சும் உங்களை விட்டுப் போய்விட்டன. தாய்மொழி மட்டும் மிஞ்சியது. தனமும் நானும் கட்டிலருகில் இருந்தோம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். தாகமோ என்று தண்ணீர் கொடுத்தோம், இல்லையென்று தலையை ஆட்டினீர்கள். குளிரோ என்று போர்த்தினோம், விலக்கினீர்கள். ஜெபமோ என்று பாதிரியாரை அழைத்து வந்தோம். அவருக்கும் புரியவில்லை. எதையோ கேட்டுக்கொண்டேதான் போனீர்கள்.

துறைமுகத்தில் வந்திறங்கும் மாலுமிகளிடமெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் காட்டவும் நம் எழுத்தில் அது அடங்கவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்ல வரும், அவ்வளவுதான். அன்று நீங்கள் எங்களிடம் என்ன கேட்டீர்கள், மதாம்?