றேமனைக் கேட்காத கேள்வி

அன்பு மகளுக்கு,

நான் சுகம். பக்கத்து வீட்டு றேமனும் சுகம். அது உனக்கு முதலே தெரிந்திருக்கும். வன்கூவர் போனபின்னும் ஞாயிறுதோறும் அந்த ஓய்வுபெற்ற பேஸ்போல்காரருடன்தானே மணிக்கணக்காகக் கதைக்கிறாய்! எனக்குக் கிடைப்பது "சாப்பிட்டீங்களா அப்பா?" மட்டும்.

எனக்குப் பொறாமை இல்லை. "இஞ்சேருங்கோ, காதால புகை வருது" என்று அம்மாதான் சொல்லுகிறா.

அந்த மனுசனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று அறிய, போன ஞாயிறு அவர் வீட்டில் ஜேஸ் அணியின் பேஸ்போல் மட்ச் பார்த்தேன். ஒருவன் பந்தைத் தனக்குப் பின்னால் தட்டிவிட்டான். நான் எழும்பி நின்று, "நாலு ஓட்டம்!" என்று கைதட்டினேன். கிரிக்கெட் புத்தி. பேஸ்போலில் அதற்கு ஒன்றுமே கிடையாதாம். றேமன் சிரித்துச் சிரித்து இருமினார்.

பிறகு தன் கதை சொன்னார். ஒருமுறை வெயில் கண்ணில் அடித்து, பிடிக்க வேண்டிய பந்து அவர் தலையில் விழுந்ததாம். அடுத்த நாள் சனமெல்லாம் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்து எறிந்ததாம். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மனுசனைப் பிடித்துப்போனது இன்னும் எரிச்சல்.

அப்போதுதான் நீ அவருக்குப் போன் எடுத்தாய். அவர் போனை என்னிடம் நீட்டினார். ஆட்டம் முக்கியமான கட்டத்தில் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். திரையில் ஓடியது சவர்க்கார விளம்பரம்.

மூன்று பந்தையும் தவறவிட்டு அவுட்டானவன் சில வேளை ஏன் ஓடுகிறான்? றேமனைக் கேட்டால் உடனே சொல்லுவார். கேட்கவில்லை. இந்த ஞாயிறு நீ எனக்கு முதலில் எடுத்து, அவசரமில்லாமல் ஆறுதலாக விளங்கப்படுத்து.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அப்பா