முட்டிக்கு எத்தனை வருஷம்

9.6.2008, திங்கள்
காலையிலேயே வெயில். செங்கல்பட்டு ஆபீஸ் ஃபேன் இன்றும் ஓடவில்லை. புது வேலை. செயற்கை முழங்கால் மூட்டை அரசு செலவில் யாருக்குப் பொருத்தலாம் என்று டெல்லிக் குழுவும் இரண்டு வெளிநாட்டுக் குழுக்களும் சேர்ந்து ஆராய்கின்றன. மூன்று நாட்டுக்கும் ஒரே படிவம். கடைசிக் கேள்வி: “இன்னும் பத்து வருடம் முட்டிவலியோடு வாழ்வீர்கள். வலி அடியோடு போக, அதில் எத்தனை வருடம் விட்டுக்கொடுப்பீர்கள்?”

இருபது பேரிடம் கேட்க வேண்டும். வெள்ளியன்று மாமல்லபுரத்தில் கூட்டம். ஒழுங்காக முடித்தால் என் தற்காலிக வேலை நீடிக்குமாம். மேலதிகாரி சேகர் சார் சொன்னது.

அம்மா மறுபடியும் கூடுவாஞ்சேரி வரன் பேச்சு. காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

10.6, செவ்வாய்
கேளம்பாக்கம். 6 படிவம்.

துணிக்கடை காதர் பாய்: “இன்னாம்மா கேள்வி இது? ஆயுசு அல்லா குடுத்தது. நான் எப்டி எழுதித் தர்றது?” டீ மட்டும் தந்தார்.

பூக்கார முனியம்மா: “கல்யாணம் ஆன மொத அஞ்சு வருசத்த எடுத்துக்க கண்ணு. எனக்கு வோணாம்.” கழிந்துபோன வருடங்கள் செல்லாது என்றேன். “அப்போ எம் மாமியாரோடத எடு.”

ஆறும் பூஜ்யம்.

வாங்க: வெள்ளரிப் பிஞ்சு, அம்மாவுக்கு முட்டித் தைலம்.

11.6, புதன்
படூர். மொத்தம் 19. பத்தொன்பதும் பூஜ்யம். ஒரு வீட்டில், நான் படியிறங்கியதுமே, அபசகுனம் என்று வாசலில் தண்ணீர் தெளித்தார்கள்.

சே. சார் போனில் கத்தல்: “எல்லாம் சைபர்னா கேள்வியே புரியலன்னு அர்த்தம்! நம்ம ஊரையே ஆய்வுலேர்ந்து தூக்கிடுவாங்க!” ஊரோடு என்னையும். பயமாக இருக்கிறது.

12.6, வியாழன்
மேகம். மழை இல்லை. இருபதாவது ஆள் அம்மா. கேட்டதும் கரண்டியை ஓங்கினாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு வருசம்னு எழுதிக்க. உன் வேல போவக் கூடாது.”

கடனுக்குச் சர்க்கரை தருகிற மாதிரி சொன்னாள். என்னால் முடியவில்லை. பூஜ்யம் போட்டேன். பாத்ரூமில் போய் அழுதேன்.

13.6, வெள்ளி
மாமல்லபுரம். வெளிநாட்டு டாக்டரம்மா, கேள்வியை எழுதியவரே, மணலில் என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் முட்டி! கூட்டத்தில் என் இருபது பூஜ்யத்தையும் புரட்டிவிட்டு, “இவர்களுக்குக் கேள்வி புரியவில்லை” என்றார் ஆங்கிலத்தில். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெற்றுப் படிவம் ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். “மேடம், நீங்கள் எத்தனை?”

சே. சார் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். பேத்திக்கு மூன்று மாதம்தான் ஆகிறது என்றார். பூஜ்யம் போட்டார்.

முடிவு: செங்கல்பட்டு இருக்கும், கேள்வி மாறும். எனக்கு இன்னும் ஆறு மாதம் வேலை.

வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, அதற்குள் அம்மா: “ரெண்டு வருசம் எழுதுனியா?”

“எழுதிட்டேன்மா.”

“அப்போ எனக்கு நாள் கொறஞ்சிகினு கீது. கூடுவாஞ்சேரிக்கு நாளைக்கே பதில் சொல்லு.”